திரேசம்மாவைச் சாகடிக்கலாமா என்று கேட்ட மகனுக்கு

மகன், உன் நாவலை வாசித்து முடித்துவிட்டேன். அதாவது, நீ எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கும் இடம் வரைக்கும். நீ அனுப்பியதைத் தொலைபேசியில் வைத்து வாசிக்க என் கண் இடம் கொடுக்கவில்லை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கம்பி போட்டுக் கட்டுவித்து வாங்கினேன். கடைக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "அன்ரி, இவ்வளவும் ஆர் எழுதினது?" என்று கேட்டார். "என்ரை மகன். நோர்வேயிலை இருக்கிறார்" என்றேன். "என்ன கதை?" என்றார். நான்தான் கதை என்று சொல்வதா, நானில்லை என்னைப்போல ஒருத்தி என்று சொல்வதா என்று யோசித்துக்கொண்டே பள்ளிமுனை வீட்டுக்கு நடந்து வந்தேன். அன்றிலிருந்து தையல் மெசின் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் முதல்தரம் நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்குத் தைக்கத் தந்த வெள்ளைச் சட்டைகள் வெட்டினபடியே மேசையில் கிடக்கின்றன. தாய்மார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகட்டும். உன் புத்தகத்தோடு வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள், அவளை விட்டுவிட்டு எப்படித் தைப்பது?

போன சனிக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, திரேசம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனி நான் அவளை எப்பிடிச் சாகடிக்கிறது? சாகடிக்காட்டிப் புத்தகம் முடியாது. நீங்கள் சொல்லுங்கோ, சாகடிக்கலாமோ?" என்றாய். நான் சிரித்தேன். "எழுதிற உனக்குத் தெரியாதது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. "புத்தகம் முடிஞ்சாத்தான் நான் ஊருக்கு வருவன்" என்றாய். அடுப்பில் சோறு கிடக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. ஒரு மனுசியைச் சாகடிக்க அனுமதி கேட்டு மகன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தான் என்பதை ஆரிடம் போய்ச் சொல்வது? ஆயிஷா ராத்தாவிடம்தான் சொன்னேன். அவவை உனக்கு ஞாபகம் இருக்கும். மூர்வீதியிலிருந்து சட்டை தைக்க வரத் தொடங்கி, பிறகு தைக்க ஒன்றுமில்லாமலே கதைக்க வருகிறவ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைப் போன்ல சொல்ல ஏலாது புள்ள. கடிதமா எழுதுங்க. புத்தகத்துக்குப் பின்னால போடச் சொல்லுங்க. வாசிக்கிறவங்களுக்கும் தெரியட்டும்" என்றா. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சில விசயங்களைத் தெரியாதவர்களுக்காகத் திரும்பச் சொன்னால் கோபிக்காதே.

உன் திரேசம்மா நம் ஊரைப்போல ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறாள். தைக்கிறாள். கைம்பெண். ஒரே மகன் வெளிநாட்டில். முதல் இரண்டு அத்தியாயமும் வாசித்தபோது, சரி, என்னைத்தான் எழுதியிருக்கிறான், வேறு வேலை இல்லை இவனுக்கு என்று நினைத்தேன். மூன்றாவதில் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்துகிறாள். "நேற்றுப் பச்சைச் சீலை உடுத்தனான். இண்டைக்குப் பார்த்தால் நீலமாக் கிடக்கு. நான் அலுமாரியைத் திறக்கவே இல்லை. ஆர் எனக்குச் சீலை மாத்துறது?" என்று கேட்கிறாள். அந்த இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நீ எழுதி, வெட்டி, திரும்ப எழுதியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் விடவில்லை. மழையைப் பார்த்தால், இது கடலிலிருந்து வந்த மழையா, அத்தியாயத்துக்குத் தேவையென்று வந்த மழையா என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஏன் எப்போதும் ஒரே கதையைக் கதைக்கிறாள், அவளுக்கு வேறு கதை கொடுக்க உனக்கு நேரமில்லையா என்று உன்னைப் பிடிக்கிறாள். நான் வாசித்துக்கொண்டே, "கேளடி, நல்லாக் கேள்" என்று சத்தமாகச் சொன்னேன். ரோட்டால் போனவர்கள் கேட்டிருந்தால் என் தலை பழுதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சென்னையில் புத்தகம் போடுகிறவர் இதைப் புது உத்தி என்று பாராட்டினாராமே. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். எழுதினவரிடம் போய், ஏன் என்னை இப்படி எழுதினாய் என்று கேட்பது எனக்குப் புதுமையில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் செபமாலை சொல்லி முடிய நான் அதைத்தான் செய்கிறேன். இடம்பெயர்ந்து போன காலத்தில், மடு மாதா கோவிலடியில் ஒரு மரத்துக்குக் கீழே உன்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். மெசினை மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்த அன்றைக்குக் கேட்டேன். பதில் வந்ததில்லை. ஆனால் ஆண்டவர் கேட்கவிட்டார். வாயை அடைக்கவில்லை. நீயும் திரேசம்மாவின் வாயை அடைக்கவில்லை, மகன். அவள் உன்னைத் திட்டினதையும் நீயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அதற்காக உனக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். தன்னைக் கேள்வி கேட்க ஒருத்தியை உண்டாக்கி, அவள் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இன்னும் எத்தனையோ சின்னச் சின்ன விசயத்துக்கும் நன்றி. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும்போது நான் அதை ஒரு தரம் சுற்றி வைப்பேன் என்பது எனக்கே தெரியாது. அவள் அப்படிச் செய்கிறாள் என்று வாசித்துவிட்டு, அன்று மத்தியானம் என் கையைப் பார்த்தேன். சுற்றித்தான் வைத்தது.

இனி என் குறை. அவளை நீ சரியாகச் சிரிக்க விடவில்லை. கழுதைக் கதையை எடுத்துக்கொள். மன்னார்க் கழுதைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ரோட்டும் அவற்றுக்குத்தான், வேலியும் அவற்றுக்குத்தான். முதல்நன்மைக்கென்று தைத்துக் கழுவி, வேலியில் காயப்போட்ட முக்காட்டு வலையை ஒரு கழுதை கடித்து இழுத்துக்கொண்டு நடந்தது. உன் நாவலில் திரேசம்மா கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கடியில் அழுகிறாள். வாசித்தால் கல்லும் கரையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்தது என்ன? வலை கழுதையின் தலையில் மாட்டிக்கொண்டது. நான் கத்தரிக்கோலோடு பின்னால் ஓட, அது மணவாட்டி மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு நேரே கோவில் வாசலுக்குப் போய் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பங்குச் சுவாமியார் வெளியே வந்தார். கழுதையைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். "என்ன, பெண்ணுக்கு விருப்பமில்லையோ?" என்றார். நான் ரோட்டிலேயே குந்தியிருந்து சிரித்தேன். உன் அப்பா வேலையால் வந்தவர், என்னைத் தூக்கிவிட வந்து, தானும் பக்கத்தில் குந்திவிட்டார். நீயும் அங்கே நின்றாய், நீயும் சிரித்தாய். உனக்குக் கழுதை ஞாபகம் இருக்கிறது, வலை ஞாபகம் இருக்கிறது, சிரிப்பு எங்கே போனது? நான் கைம்பெண்ணாகி இத்தனை வருசத்திலும் என் வாழ்க்கையில் அழுகை பாதியும் இல்லை. அவளுக்கு மட்டும் ஏன் முழுவதையும் அழுகையாகக் கொடுத்தாய்? அவளுக்குத் தெரியாதிருந்தால் பரவாயில்லை. ஆரோ ஒருவர் தன்னை அழ வைக்கிறார் என்று தெரிந்துகொண்டு அழுகிறாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆயிஷா ராத்தாவுக்கு அந்தக் கட்டத்தை வாசித்துக் காட்டினேன். அவ கண்ணைத் துடைத்தா. "ராத்தா, அவள் உண்மையிலை இருக்கிறாள் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டேன். "பின்ன நான் ஆருக்கு அழுதேன்? உங்களுக்கா? நீங்க முன்னுக்கு இருந்து பிளேன்டீ குடிக்கிறீங்க" என்றா. பிறகு, "எங்கட மார்க்கத்துல சொல்லுவாங்க, உருவம் செஞ்சவனை மறுமையில கூப்பிட்டு, இதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்களாம். குடுக்க ஏலாம நிப்பானாம். உங்கட மகன்ட சங்கதி வேற மாதிரி. அவன் உசிரைக் குடுத்துட்டான் போல கிடக்கு. குடுத்துட்டுத்தான் ஏலாம நிக்கிறான்" என்றா. படித்தவர்கள் மாதிரிக் கதைக்காதேங்கோ ராத்தா என்று நான் பகிடி பண்ணினேன். ஆனால் அவ போன பிறகு கறிக்கு மீன் கழுவும்போதும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். வருசம் முழுக்க மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியோடு மாரடிக்கிற மனிதர், பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் பாஸ் காட்டுகிற மேடைக்குப் பின்னால் நிற்பார். ஆண்டவருடைய பாடுகளை ஆளுயர மரச் சுரூபங்களை வைத்துக் காட்டுவதைத்தான் நம் பக்கத்தில் பாஸ் என்கிறோம். முன்னால் பெண்கள் பசாம் என்கிற துக்கப்பாட்டைப் பாட, பின்னால் மறைவில் நிற்கிறவர்கள் கயிற்றால் சுரூபங்களை அசைப்பார்கள். சிலுவையில் தொங்குகிற சுரூபத்தின் கழுத்தில் மூட்டு இருக்கிறது. உயிர் பிரிகிற அடியைப் பாடி முடிய அந்தக் கயிற்றை இழுக்கவேண்டும், தலை சாயும், சனம் ஓவென்று அழும். அந்தக் கயிறு உன் அப்பாவின் பொறுப்பு. ஒரு வருசம், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, நாங்கள் அந்த அடியைப் பாடி முடித்தோம், தலை சாயவில்லை. திரும்பப் பாடினோம். சாயவில்லை. சுவாமியார் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் சிலுவையைப் பார்க்கிறோம், சனம் முழங்காலில் நின்றபடி மூச்சுக்கூட விடவில்லை. இன்னொரு தரம் பாடி முடித்தபோது, வழக்கத்தைவிட மெல்லச் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து, "இஞ்சேருங்கோ, கயிறு சிக்கினதோ?" என்று கேட்டேன். இல்லை என்றார். சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "மற்ற வருசங்களிலை அது மரம். இண்டைக்கு அவருக்குத் தெரியும் மாதிரிக் கிடந்தது. பின்னுக்கு நான் கயித்தோடை நிக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டு, ஒண்டும் பேசாமல் தொங்கிக்கொண்டு நிக்கிறார். தெரியாத ஆள் எண்டால் இழுத்துப்போடலாம். தெரிஞ்சுகொண்டு பொறுத்திருக்கிற ஆளை எப்பிடியப்பா இழுக்கிறது?" என்றார். "பிறகு ஏன் இழுத்தனீங்கள்?" என்றேன். "சனம் முழங்காலிலை நிக்குது. நான் இழுக்காட்டி ஆரும் வீட்டை போகேலாது. உயிர்த்த ஞாயித்துக்கிழமையும் வராது" என்றார். அதோடு சாப்பாடு கேட்டார். அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம்.

இதை உனக்கு எழுதி, அப்பாவே இழுத்தார், நீயும் இழு, வாசிக்கிற சனத்தை எழும்பி வீட்டுக்குப் போக விடு என்று முடித்திருப்பேன். அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் மனம் ஒத்துவரவில்லை. அங்கே தொங்கின ஆண்டவர் முதல்நாள் இரவே தோட்டத்தில் முழங்காலில் இருந்து அழுது, பிறகு பிதாவிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தவர். அவருக்கு ஞாயிறும் இருந்தது. திரேசம்மாவை ஆர் கேட்டது? அவளுக்கு நீ என்ன ஞாயிறு வைத்திருக்கிறாய்? கதையில் ஆரும் சாகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளும் மனுசி, ஒரு நாளைக்குச் சாவாள், அது அவளுக்கும் தெரியும். எதற்காகச் சாகடிக்கிறாய் என்பதுதான் எனக்குக் கணக்கு. அந்தக் கணக்கு உன் கடைசி அத்தியாயத்தை இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அதில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். எழுதுகிறவனே கதைக்குள் வருகிறான். நீ வருகிறாய். கதவால் வந்து, கட்டில் விளிம்பில் இருந்து, அவள் கையைப் பிடிக்கிறாய். அவள் உன்னைப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்: "நீ என்னட்டை வாறதுக்கு நான் சாகவேணுமோ?" அதோடு நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய். நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சீலைத் தலைப்பால் முகத்தை மூடி அழுதேன். மகன், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நீ சொன்னாயே, அவளுக்குத் தெரிந்தது அவள் ஒரு கதையில் இருக்கிறாள் என்பது மட்டுமில்லை. நீ ஏன் அவளை உண்டாக்கினாய் என்பதும் தெரிந்துவிட்டது. அவளுடைய புருசனை முதல் பக்கத்துக்கு முன்னாலேயே செத்துப்போனவராக வைத்திருக்கிறாய். அவர் எப்படிச் செத்தார், ஆர் பக்கத்தில் இருந்தார், ஒரு வரிகூட இல்லை. அந்தக் கட்டிலில் கிடக்கவேண்டியவர் அவர். அங்கே அவளைக் கிடத்திவிட்டு, இந்த முறை நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாய்.

அப்பா போனபோது நீ வரமுடியாத காலம். உன் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. சவக்காலையில் உன் சித்தப்பா தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நீ அதற்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பெட்டியை இறக்குகிற நேரம் சார்ஜ் முடிந்து படம் போய்விட்டது. பிறகு எடுத்து, "அம்மா, மண் போடுறதை நான் காணேல்லை" என்று சொன்னாய். உன் குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது உன்னிடம் பாஸ்போட் இருக்கிறது. ஆனாலும் நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய், குளிர் முடியட்டும் என்றாய், இப்போது புத்தகம் என்கிறாய். அப்பா இல்லாத வீட்டுக்குள் கால் வைக்க உனக்குப் பயம். பக்கத்தில் இல்லாமல் போனதற்கு ஆரோ உன்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பயம். உன்னைக் கேட்க இந்த வீட்டில் ஆரும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அப்பாவின் கடைசி நேரத்தில் நானும் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் மத்தியானச் சாப்பாடு முடிய அவர் பிளேன்டீ கேட்டார். மேலே சுத்துகிற காற்றாடி சத்தம் போடுகிறது என்று குறை சொன்னார். "அவன் சாப்பிட்டிருப்பானோ?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். அங்கே இப்ப காலமை, இப்பதான் எழும்பியிருப்பான் என்று சொல்லிவிட்டுக் கன்ரீனுக்குப் போனேன். வரிசை இருந்தது. தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த விடத்தல்தீவுக்காரர் ஒருவர், சேலைன் ஏறுகிற கையோடு எழும்பி வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "தங்கச்சி, இப்பதான். நோகேல்லை. நான் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். ஊரில் எல்லோரும் நான் கடைசிவரை பக்கத்திலிருந்தேன் என்று சொன்னார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தேத்தண்ணி எடுக்கப் போனது பிழையென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேறு என்ன செய்வது, அவர் கேட்டார். நீ அங்கே உழைத்ததும் நாங்கள் கேட்டுத்தான். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்காக ஒரு செபம் சொல்கிறேன். எனக்காகவும் உனக்காகவும் அவர் அங்கே இருந்தார். அப்பா தனியப் போகவில்லை, மகன். நாங்கள் இல்லாமல் போனார், தனியப் போகவில்லை. இதை நான் உனக்கு முன்னமே சொல்லியிருந்தால் திரேசம்மாவுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கும் ஒருநாள் வரும். நீ அப்போது எங்கே இருப்பாயோ தெரியாது. நீ பக்கத்தில் இருந்தால் சந்தோசம். இல்லாவிட்டால் ஆயிஷா ராத்தா இருப்பா, இல்லையென்றால் ஆரோ ஒரு ஊர்க்காரி பக்கத்துக் கட்டிலிலிருந்து எழும்பி வருவாள். அதை நினைத்து நான் பயப்படவில்லை. ஆகவே நீயும் அதை முன்கூட்டியே எழுதிப் பழகவேண்டாம். எழுதிச் சரிக்கட்டவும் வேண்டாம். ஒருத்திக்கு அறிவையும் வாயையும் கொடுத்துவிட்டு, உன் மனச்சுமையை இறக்கிவைக்க அவளைச் சாகச் சொல்வது நியாயமில்லை. அவள் என்னைப்போல இருக்கிறாள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவள் ஆராக இருந்தாலும் நியாயமில்லை. இத்தனை மாதம் வேலை முடிந்து வந்து, களைத்துப்போய், அவளோடு இருந்திருக்கிறாய். அவள் எப்படி ஊசியைப் பல்லில் கடிப்பாள், எந்தக் காலை மெசினில் முதல் வைப்பாள் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய். அது என்னோடு இருந்தது மாதிரித்தான் மகன். நீ வரவில்லை வரவில்லை என்று நான் இங்கே குறைப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் நீ என் பக்கத்தில் இருந்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. இதைவிடப் பெரிய நன்றி நான் ஆருக்கும் சொன்னதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சாகடி என்று நான் எழுதினால் நீ ஒரு கிழமையில் முடித்துவிடுவாய். உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டில் நிற்பாய். எனக்கு அந்த ஆசை இல்லையென்று நினைக்காதே. நேற்றுக்கூட உன் அறையைக் கூட்டித் தலகாணி உறையை மாற்றினேன். வேண்டாம் என்று எழுதினால் புத்தகம் முடியாது, புத்தகத்தைக் காட்டி நீ இன்னும் ஒரு வருசம் அங்கேயே இருந்துவிடுவாய் என்ற பயமும் இருக்கிறது. ஒரு மனுசியின் உயிரைக் கொடுத்து உன்னை வாங்கலாமா என்று நீ என்னிடம் கேட்டிருக்கிறாய், எழுதின மனுசிதானே என்று சொல்லிச் சம்மதிக்க எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் மகன். அவளைச் சாகடிக்காதே. சுகமாகிவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பு. வெட்டின சட்டைகள் மேசையில் கிடக்கின்றன, அவள் வந்து தைக்கட்டும். நேரம் கிடைத்தால் கழுதையைக் கோவில் வாசலுக்குக் கொண்டுபோய் விடு.

முடிவு இல்லாமல் புத்தகம் போடமாட்டோம் என்று சென்னைக்காரர் சொன்னால், அவள் கடைசியாகக் கேட்ட கேள்வியை அழிக்காமல் அப்படியே விட்டு, அதற்குக் கீழே நான் தருவதைப் போடச் சொல். இதைச் சொல்வது திரேசம்மாவா, உன் அம்மாவா என்று கேட்பார். இரண்டு பேரும்தான் என்று சொல்.

"எழும்பு மகன். அந்தக் கட்டிலை விட்டிட்டு வீட்டை வா. நான் உயிரோடை இருக்கேக்கையும் நீ வரலாம்."